இலையுதிர்காலத் தொட்டிக்கு வசந்தகாலக் கணக்கு உதவாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை முடிந்து இரவில் குளிர் தட்டத் தொடங்கியதும் செய்தித்தாள்களின் இணைப்பிதழ்களில் தொட்டித் தோட்டக் குறிப்புகள் தலைகாட்டும். படம் புதிதாக இருக்கும், குறிப்பு பழையதாக இருக்கும். வசந்தகாலத்துக்கு எழுதியதில் பூக்களின் பெயரை மட்டும் மாற்றி, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள், தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்புங்கள், குளிருக்கு முன் நன்றாக உரம் கொடுங்கள் என்று போட்டுவிடுகிறார்கள். மூன்றும் தவறு. சரளைக்கல் எந்தப் பருவத்திலும் தவறு. மற்ற இரண்டும் இந்தப் பருவத்தில் தவறு.

வசந்தத்தில் நட்ட செடிக்கு நாளுக்கு நாள் பகல் நீளும், மண் சூடேறும். இப்போது நடும் செடிக்கு எல்லாமே இறங்குமுகம். மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வேரோட்டம் மந்தப்படும். 5 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான செடிகளில் நின்றேவிடும். ஆகவே நட்ட அன்று தொட்டி எப்படித் தெரிகிறதோ, ஏறத்தாழ அப்படியேதான் குளிர்காலம் முடியும்வரை தெரியும். வளர்ந்து நிரப்பிக்கொள்ளும் என்று நம்பி விட்ட இடைவெளி வெறும் மண்ணாகவே கிடக்கும். மழை அந்த மண்ணைத் தெறித்து இலைமேல் சேறு பூசும். நெருக்கி நடவேண்டும். ஒரு செடியின் தாய்மண்ணுக்கும் (வேரோடு சேர்ந்து வரும் மண்கட்டி) அடுத்ததன் தாய்மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

எண்ணிக்கையில் சொன்னால் விளங்கும். வாய் அகலம் 40 செ.மீ., உயரம் அதே அளவு, அடிப்பக்கம் சற்றுக் குறுகிய தொட்டியில் 35 முதல் 40 லிட்டர் மண்கலவை பிடிக்கும். அதில் 2 லிட்டர் தொட்டியில் வளர்ந்த கேரக்ஸ் புல் ஒன்று, 13 செ.மீ. தொட்டியில் வரும், வண்ண இலைக்காக வளர்க்கும் ஹியூக்கெரா ஒன்று, அதே அளவில் அழகு முட்டைக்கோஸ் ஒன்று, 9 செ.மீ. தொட்டியில் வரும் சிறு பூச்செடி வயோலா ஐந்து, விளிம்பில் தொங்க ஐவி இரண்டு என 10 செடிகள் வைக்கலாம். கோடையில் இதே தொட்டிக்கு ஐந்தாறு செடிகளே தாராளம். நாற்றுத் தட்டில் வரும் விரல் அளவுக் கன்றுகளைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாங்கும்போதே வேண்டிய அளவில் வாங்கவேண்டும். இதனால் செலவு கூடத்தான் செய்யும். அதைக் குறைக்க ஒரே வழி தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. அரைகுறையாக நிரப்பிய மூன்று தொட்டிகளைவிட நிறைந்த ஒன்று எவ்வளவோ மேல்.

எப்போது நடுவது என்பதில் மாதப் பெயர் ஓரளவுக்குத்தான் உதவும். வட அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை, தென் அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரை என்பது பொதுக்கணக்கு. அதைவிட நம்பகமானது, உங்கள் இடத்தில் வழக்கமாக முதல் உறைபனி விழும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. பல்லாண்டுச் செடிகளும் சிறு புதர்களும் அதற்கு 6 வாரம் முன்பே மண்ணுக்குள் போய்விட வேண்டும். வயோலாவுக்கும் அதன் பெரிய பூ உறவான பான்சிக்கும் 4 வாரம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். அந்தச் சில வாரங்களில் ஓடும் வேர்தான் குளிர்காலம் முழுவதற்குமான கைமுதல்.

இனி சரளைக்கல். அடியில் கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நுண்ணிய துளைகள் உள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல்லுக்குள் நீர் சும்மா இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறி, இனித் தாங்காது என்ற நிலை வந்தால்தான் சொட்டும். கல் இல்லாத தொட்டியில் அடிமட்டத்தில் சில சென்டிமீட்டர் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். 8 செ.மீ. உயரத்துக்குக் கல்லைப் போட்டால் அந்தச் சொதசொதப்பு 8 செ.மீ. மேலேறி வேர்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவ்வளவுதான் பலன். நனைந்த பஞ்சை உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடித்தால் நீரைத் தேக்கிக்கொள்ளும், நிமிர்த்தினால் சொட்டும். மண்ணின் உயரம் கூடக்கூட வடிகால் நன்றாக இருக்கும் என்பதற்கு இதுவே சான்று. கல்லைப் போட்டு அந்த உயரத்தைக் குறைப்பானேன்? துளையை அடைக்காமல் ஒரு வலைத்துண்டைப் போட்டு, நேரே மண்கலவையை நிரப்புங்கள். 40 செ.மீ. தொட்டிக்கு ஒன்றரை செ.மீ. அகலத்தில் நான்கைந்து துளைகளாவது வேண்டும்.

கோடையில் நீரைப் பிடித்துவைக்கும் கலவை நல்லது. இப்போது நீரை விட்டுவிடும் கலவைதான் நல்லது. கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு 5 பங்கு, சலித்த மட்கு உரம் 2 பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள் 3 பங்கு என்ற அளவு ஒத்துவரும். பெர்லைட் கிடைக்காவிட்டால் 2 முதல் 4 மி.மீ. கரடான மணல் போடலாம், ஆனால் எடை ஏறும். மாடியிலும் பால்கனியிலும் அது கவனிக்கவேண்டிய விஷயம். நனைந்த நிலையில் ஒரு பெரிய தொட்டி சாதாரணமாகவே 40 கிலோவை எட்டிவிடும். எனவே வைக்கும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். தோட்டத்து மண்ணை அள்ளிப் போடவே கூடாது. தொட்டிக்குள் அது இறுகும். மழையில் காற்றோட்டம் இல்லாமல் வேர் மூச்சுமுட்டும்.

கோடைத் தொட்டியின் பழைய கலவையைக் கொட்டவேண்டியதில்லை. வேர்களைச் சலித்தெடுத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு பழையது, ஒரு பங்கு புதியது என்று கலந்தால் போதும், முன்பு இருந்த செடி நோயில்லாமல் இருந்திருந்தால். வேரழுகல் வந்த தொட்டி மண்ணை மறுபடி தொட்டிக்குள் சேர்க்காதீர்கள். சலிக்கும்போது வெள்ளையாக, வளைந்து, பழுப்புத் தலையோடு காலில்லாத புழுக்கள் அகப்பட்டால் அது கூன்வண்டின் புழு. ஹியூக்கெராவின் வேர் அதற்கு மிகவும் பிடிக்கும். பசுமையாக இருந்த செடி ஒருநாள் கையோடு கழன்று வந்தால், வேர் முழுவதும் தின்னப்பட்டிருக்கும். இந்தப் புழுவைத் தாக்கி ஒழிக்கும் நுண்ணிய நூற்புழுக்கள் கலந்த கரைசல் உண்டு. ஆனால் மண் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழ் இறங்கிவிட்டால் அது வேலை செய்யாது. கண்டவுடன் ஊற்றவேண்டும்.

நடுமுன் ஒவ்வொரு செடியையும் அதன் தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வருவது நிற்க 15 நிமிடம் ஆகலாம். பருவ இறுதியில் விற்கும் செடிகள் வேர் சுற்றிச் சுற்றி இறுகிப் போனவை; உள்ளே காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் ஈரமே ஏறாது. வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரைக் கத்தியால் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக 1 செ.மீ. ஆழம் கீறிவிடுங்கள். கீறாமல் நட்டால் வேர் புதிய மண்ணுக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் குளிர் வந்து கதவை மூடிவிடும். நட்டுமுடித்தபின் மண்மட்டம் தொட்டி விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நிற்கட்டும். இடுக்குகளில் விரலால் மண்ணைத் தள்ளி, முதல் தடவை 4 முதல் 5 லிட்டர் வரை, அடித்துளையில் வடியும்படி ஊற்றுங்கள். மண் இறங்கிய இடத்தில் மேலும் கொஞ்சம் போட்டு மீண்டும் நனைக்கவேண்டும்.

செடித் தேர்வில் ஏமாற இடம் அதிகம். ‘இலையுதிர்காலச் செடிகள்’ என்ற பலகைக்குக் கீழே கோலியஸ், கோழிக்கொண்டை, அழகு மிளகாய், குரோட்டன், ஊதா நிறப் பென்னிசெட்டம் புல் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். நிறம் பருவத்துக்குப் பொருந்தும், உடம்பு பொருந்தாது. எல்லாமே வெப்பநிலச் செடிகள். முதல் உறைபனி இரவில் வெந்த கீரைபோல் கருத்துச் சாயும். உறைபனியே விழாத இடத்தில் தாராளமாக வைக்கலாம். சில இடங்களில் காலுனா ஹெதர் என்ற குறும்புதர்ச் செடிக்கு நீலமும் மஞ்சளுமாகச் சாயம் தெளித்தும் விற்கிறார்கள். அந்தப் பூவுக்கு அப்படி ஒரு நிறமே கிடையாது.

சாமந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் திட்டு வாங்குவதும் அதுதான். அது நீண்ட இரவுகளை உணர்ந்து மொட்டுவிடும் செடி. மொட்டு கட்டாத செடியை வாங்கி, இரவெல்லாம் எரியும் விளக்கின் கீழ் வைத்தால் மொட்டு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். முழுக்க மலர்ந்ததை வாங்கினால் பத்து நாளில் பழுப்பாகிவிடும். பத்து மொட்டில் ஒன்று விரிந்து நிறம் காட்டும் செடியே சரியானது. அது மூன்று முதல் ஐந்து வாரம் நிற்கும். கிளைகள் கண்ணாடிபோல் முறியக்கூடியவை, ஆகையால் தூக்கும்போது அடித்தூரைப் பிடியுங்கள். நீரைப் பூவின்மேல் ஊற்றினால் பூக்கொத்து கனத்து நடுவில் பிளக்கும், அழுகலும் தொடங்கும். பருவ இறுதியில் நட்ட சாமந்தி தொட்டியில் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. தன் பலத்தையெல்லாம் பூவில் போட்டுவிட்டு வேருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் விருந்தாளியாக நடத்துவதே புத்திசாலித்தனம்: பெரிய தொட்டியை நடும்போதே நடுவில் ஒரு காலி 15 செ.மீ. தொட்டியைப் புதைத்து, அதற்குள் சாமந்தியை அதன் தொட்டியோடு இறக்கிவிடுங்கள். பூ முடிந்ததும் எடுத்துவிட்டு ஒரு சிறு ஊசியிலைச் செடியை இறக்கலாம், பக்கத்துச் செடிகளின் வேர் அசையாது.

பான்சியா வயோலாவா என்று கேட்டால், தயங்காமல் வயோலா. பான்சியின் அகலமான பூ ஒரு மழைக்கே நனைந்த காகிதம்போல் தொங்கும். வயோலாவின் சிறு பூ உறைபனியில் தலைசாய்ந்து கிடந்தாலும் வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடும். வாடிய பூவைக் கிள்ளும்போது காம்பின் அடிவரை கிள்ளவேண்டும். பூவை மட்டும் எடுத்தால் விதைப்பை தங்கிவிடும், செடி விதைக்கு உழைத்துப் பூப்பதை நிறுத்திவிடும்.

அழகு முட்டைக்கோசின் ஊதாவும் வெண்மையும் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் தொடர்ந்து இருந்தால்தான் முழுமையாக ஏறும். சீக்கிரம் வாங்கி, நிறம் வரவில்லை என்று உரம் போட்டால் இலை பச்சையாகவே பெருக்கும். தண்டு நீண்டு போயிருந்தால் கீழ் இலை மண்ணைத் தொடும்வரை ஆழமாக நடலாம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு இருந்தால் மூன்றே நாளில் நரம்பு மட்டும் மிஞ்சும்.

நிறச் சேர்க்கை அவரவர் விருப்பம்தான். ஆனால் வெளிச்சத்தை மறந்து நிறம் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். இப்பருவத்தில் சூரியன் தாழ்ந்து ஓடுகிறது. கோடையில் ஆறு மணி நேரம் வெயில் பட்ட மூலை இப்போது சுவர் நிழலுக்குள் போயிருக்கும். அந்த நிழலில் கரும் ஊதாவும் அடர் சிவப்பும் நாலடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. வெண்மை, வெளிர் மஞ்சள், எலுமிச்சைப் பச்சை மட்டும்தான் அந்திநேரத்தில் மின்னும்.

பூக்கிழங்குகளையும் இதே தொட்டிக்குள் அடுக்கலாம். மேற்பரப்பிலிருந்து 20 செ.மீ. ஆழத்தில் துலிப் 12 முதல் 15 வரை, 8 செ.மீ. ஆழத்தில் குரோக்கஸ் 20 முதல் 25 வரை, அதற்கு மேலே வயோலா. கிழங்குக்கும் கிழங்குக்கும் இடையே ஒரு கிழங்கின் அகலம் விடுங்கள். ஒன்றையொன்று தொட்டால் ஒன்றின் அழுகல் அடுத்ததற்கும் பரவும். இப்படி அடுக்கிய தொட்டியில் மேலே 9 செ.மீ. செடிகளை மட்டும் வையுங்கள். 2 லிட்டர் புல்லின் கனத்த தாய்மண் கிழங்குகளின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். துலிப்பை மண் 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தபின் நடுவது நல்லது. அது பூக்க 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். அவ்வளவு குளிர் விழாத இடத்தில் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துத்தான் நடமுடியும், அதுவும் பழங்கள் இல்லாத தட்டில். பழுக்கும் ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூவைக் கருக்கிவிடும், வசந்தத்தில் இலை மட்டும் வரும். அணில் தோண்டும் இடமானால் மண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே 2 செ.மீ. கண்ணுள்ள கம்பிவலை போடலாம். அல்லது துலிப்புக்குப் பதில் டாஃபோடில் நடலாம். அதன் கிழங்கில் லைக்கோரின் என்ற நஞ்சு இருப்பதால் அணில் தொடாது. பார்வைக்கு வெங்காயம்போல் இருக்கும் என்பதால் அடுப்படியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இப்பருவத்தில் தொட்டிச் செடிகள் குளிரில் சாவதைவிட நீரில் சாவதே அதிகம். நட்ட முதல் மூன்று நான்கு வாரம் வெயிலும் காற்றும் இருக்கும், நெருக்கி நட்ட வேர்கள் வேகமாகக் குடிக்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறைகூட ஊற்றவேண்டிவரும். பிறகு பகல் சுருங்கியதும் அதே கையளவில் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். கீழ் இலை மஞ்சளாகி, செடி வாடியதுபோல் துவளும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள். மேல்மண்ணைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை 15 செ.மீ. ஆழம் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமும் மண்ணும் ஒட்டியிருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிடலாம். காய்ந்திருந்தால் காலையில் ஊற்றுங்கள், மாலையில் வேண்டாம். இரவெல்லாம் நனைந்திருக்கும் இலையில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நேற்றுத்தான் மழை பெய்தது என்று சும்மா இருப்பது. நெருங்கிய இலைகள் குடைபோல் விரிந்து மழைநீரைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும். கூரை விளிம்புக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு மழையே படாது. ஐவியும் ஊசியிலைச் செடிகளும் பனிக்காலத்தில் பழுப்பேறிச் சாவதற்குப் பெரும்பாலும் தாகமே காரணம். மண் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது, இலைகளிலிருந்து காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடும் உறைபனி வரப்போகிறது என்றால் முந்தின நாள் நண்பகலில் ஒருமுறை நன்றாக நனைத்துவிடுவது இதற்காகத்தான்.

உரத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். இரவு 10 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை 15 நாளுக்கு ஒருமுறை திரவ உரம் பாதி அளவில். அதற்குப் பின் ஒன்றும் வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறிய இளந்தளிரைத்தான் உறைபனி முதலில் கருக்கும். இலைகள் செம்மையாகவோ ஊதாவாகவோ மாறினால் சத்துக்குறை என்று பயப்படாதீர்கள். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்கத் திணறுவதால் வரும் நிறம் அது. மண்ணில் சத்து இருக்கும், எடுக்கத்தான் முடியாது. சூடேறினால் தானே சரியாகும்.

தொட்டியைப் பொறுத்தவரை, நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்துவிடும். குறைந்த சூட்டில் சுட்ட மண்தொட்டி சுவரிலேயே நீரை உறிஞ்சி வைத்திருப்பதால் செதில் செதிலாக உதிரும். கழுத்து குறுகி வயிறு பெருத்த தொட்டிகளில் உறைந்த மண் மேலெழும்ப வழியில்லாமல் சுவரைப் பிளக்கும். உறைபனி விழும் இடத்துக்கு உயர் சூட்டில் சுட்ட பீங்கான், கண்ணாடியிழை, தடித்த மரம் ஏதேனும் ஒன்று, மேலே அகன்ற வடிவில். அடியிலிருக்கும் தட்டை எடுத்துவிட்டு 2 முதல் 3 செ.மீ. உயரமான கால்கள் கொடுங்கள். தரையில் உள்ள செடிக்குக் கீழிருந்து நிலத்தின் சூடு கிடைக்கும். தொட்டி வேருக்கு நாலாபுறமும் குளிர்தான். எனவே உங்கள் பகுதியின் குளிர் மண்டலத்தைவிட (குளிர்காலக் குளிரின் கடுமையை வைத்துப் பகுதிகளை வகுக்கும் படிவரிசை) இரண்டு படி கூடுதல் குளிரைத் தாங்கும் பல்லாண்டுச் செடியாகத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. கடுங்குளிரில் தொட்டிகளைச் சுவரோரமாக ஒன்றோடொன்று சேர்த்து, பக்கவாட்டில் மட்டும் சணல் சாக்கு சுற்றுங்கள். செடியின் தலையை மூடிக் கட்டினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து அழுகும். உதிர்ந்து விழும் மர இலைகளை வாரம் ஒருமுறை தொட்டியிலிருந்து பொறுக்கிவிடவும். அவற்றுக்கு அடியில்தான் நத்தைகள் குடியிருக்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனித் தொட்டித் தோட்டக் குறிப்பு வெளியிடும்போது ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பக்கத்திலும் அது எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று ஓர் எண்ணைப் போடச் சொல்லுங்கள். கோலியஸ் 10 டிகிரியிலேயே துவளத் தொடங்கும். அழகு முட்டைக்கோஸ் உறைநிலைக்குக் கீழே 5 டிகிரியிலும் நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில், ஒரே தொட்டியில் வைத்துக் காட்டினால் வாசகர் எதை நம்பி வாங்குவார்?

இப்படிக்கு,
தொட்டிச் செடிகள் வளர்க்கும் வாசகர்